பயின்றதே வளரும்

(பௌர்ணமி உபோசத நாளன்று விகாரையில் நிகழ்த்திய அறவுரை)



மும்மணிகளைச் சரணடைந்து, ஐந்து சீலங்களையும் மேற்கொண்டு, இவ்வுபோசத நாளில் நாம் ஈண்டுக் கூடியிருக்கின்றோம். இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் நானாகத் தேடியதன்று. சென்ற பௌர்ணமியன்று வழிபாடு முடிந்து யாவரும் எழுந்து சென்றபின், ஓர் உபாசிகை தம் மகளுடன் எனக்காகக் காத்திருந்தார். அவர் கையில் அச்சிட்ட விண்ணப்பத்தாள் ஒன்று இருந்தது.

“ஐயா, இந்தப் பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். இவளுக்கு மந்தபுத்தி என்று பள்ளிக்கூடத்திலே சொல்லிவிட்டார்கள். மூளைக்குப் பயிற்சி கொடுத்து ஞாபக சக்தியைப் பெருக்குகிறோம் என்று ஒரு கூட்டத்தார் வந்திருக்கிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டே எழுத்தைப் படிக்க வைப்பார்களாம். என்னுடைய இரண்டு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கட்டலாமா? இல்லை, நம்முடைய தியானத்தைச் செய்தாலே அந்தப் பலன் வந்துவிடுமா?” என்று அவர் கேட்டார்.

தாய் பேசி முடிக்கும்வரை அப்பெண் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டபோது, கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்கு விளங்கிற்று. “அம்மா, அடுத்த பௌர்ணமி வரையில் பணம் கட்டாதிருங்கள், ஆராய்ந்து சொல்லுகிறேன்” என்றேன். அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். அவை நம்மில் பலருடைய வீட்டிலும் எழுவன. ஆதலின் விடையை எல்லார்க்கும் பொதுவாகவே கூறுகின்றேன்.

சாலையிற் பிறந்த இருவர்

முதலில் நம் நூல்களில் வரும் ஒரு வரலாற்றை நினைவுகூர்வோம். இராசகிருக நகரத்துப் பெருவணிகன் ஒருவனுடைய மகள் தன் வீட்டு அடிமையாகிய ஒருவன்மேல் அன்பு கொண்டாள். பெற்றோர்க்கு அஞ்சி அவனுடன் வேற்றூர் சென்று வாழ்ந்தாள். மகப்பேற்றுக்காகத் தாய்வீடு நோக்கி வரும் வழியில் சாலையோரத்திலேயே மூத்த மகன் பிறந்தான். இளையவனும் அவ்வாறே பிறந்தான். சாலையிற் பிறந்தமையால் இருவருக்கும் பந்தகன் என்றே பெயராயிற்று. மூத்தவர் மகாபந்தகர், இளையவர் சூளபந்தகர்.

இருவரும் பகவனுடைய சங்கத்தில் துறவு பூண்டனர். மூத்தவர் கூரிய அறிவினர். இளையவரோ நான்கடிச் செய்யுள் ஒன்றை நான்கு மாதம் முயன்றும் மனத்திற் கொள்ள இயலாதவராயினர். அடுத்த அடியைக் கற்கும்பொழுது முந்திய அடி மறந்துபோகும். பொறுமை இழந்த தமையனார், தம்பிக்குச் சங்கத்தில் இடமில்லை என்று கூறி வீடு திரும்பச் சொன்னார். மருத்துவர் ஜீவகர் அளிக்கும் விருந்துக்குப் பிக்குகளைக் கணக்கிட்டு அனுப்பும் பொறுப்பு அப்போது அவரிடத்தில் இருந்தது. அந்தக் கணக்கிலும் தம்பியை அவர் சேர்க்கவில்லை.

விடியற்காலையில் மனமுடைந்து வெளியேறிய சூளபந்தகரைப் பகவன் வாயிலருகே கண்டார். அவரைத் திரும்ப அழைத்து வந்தார். தூய வெண்துணி ஒன்றைக் கொடுத்து, கிழக்கு நோக்கி அமர்ந்து, அழுக்கு நீங்குதலைக் குறிக்கும் ஒரு சொல்லையே சொல்லிக்கொண்டு அத்துணியைக் கையால் தேய்த்திருக்கப் பணித்தார். வெயில் ஏறிற்று. கைபட்டுக் கைபட்டுத் துணி கறுத்தது. தூயது மாசுற்றதைக் கண்ணெதிரே கண்ட சூளபந்தகர், தோன்றிய யாவும் மாறும் என்பதை உணர்ந்தார். மாசு துணியில் மட்டுமன்று, ஆசையாகவும் வெகுளியாகவும் மயக்கமாகவும் உள்ளத்திலும் படிகின்றது என்பதை உணர்ந்தார். அன்றே அருகத நிலையை எய்தினார். இவ்வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் அற்புதங்களை நாம் ஒதுக்கிவிடலாம். அவையின்றியே இது நிற்கும்.

இதிற் கவனிக்கத் தக்கது யாதெனின், பகவன் அவருக்கு ஐந்தாவது மாதமும் அதே செய்யுளைக் கொடுக்கவில்லை. மந்தபுத்தி என்ற பட்டத்தையும் கொடுக்கவில்லை. பயிற்சியை மாற்றினார். அம்மனிதருக்கு எது வேண்டுமோ, அதற்கு நேராகச் செல்லும் பயிற்சியைக் கொடுத்தார்.

அவருடைய மறதிக்குப் பழைய உரையாசிரியர்கள் முற்பிறவிக் காரணம் ஒன்று கூறுவர். முற்பிறவியில் மந்தனாகிய ஒரு பிக்குவை அவர் எள்ளி நகையாடினாராம். முற்பிறவி வினையே இப்பிறவியின் நிலையை வகுக்கின்றது என்னும் கொள்கையைப் பாபாசாகேப் அம்பேத்கர் 1957-ம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டுவதில்லை. “நீ பிறவியிலேயே இப்படித்தான்” என்ற சொல்லால் நம் முன்னோர் பட்டது போதும்.

அறிஞர் சோதித்துக் கண்டவை

இனி, ஞாபக சக்தியைப் பொதுவாகவே பெருக்க இயலுமா என்பதைப் பார்ப்போம். இக்கேள்வி புதியதன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுங்காலம் ஒரு நம்பிக்கை இருந்தது. உடற்பயிற்சியால் தசை பருப்பதுபோல், இலத்தீன் இலக்கணத்தையும் வடிவக் கணக்கையும் பயின்றால் மனம் முழுவதுமே வலுப்பெறும், பின்னர் எந்தத் துறைக்கும் அவ்வலிமை உதவும் என்று ஆசிரியர்கள் கருதினர்.

அமெரிக்க உளநூற் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் இதனைத் தம்மையே கருவியாக்கிச் சோதித்தார். விக்தர் ஹியூகோ என்னும் பிரெஞ்சுப் புலவரின் பாட்டொன்றில் 158 அடிகளை எட்டு நாட்களில் மனனம் செய்தார். அதற்கு ஏறக்குறைய 132 நிமிடங்கள் ஆயின. பின்னர், நாள்தோறும் இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலாக, 38 நாட்கள், மில்டனுடைய பெருங்காப்பியத்தின் முதற் பகுதி முழுவதையும் மனப்பாடம் செய்தார். இவ்வளவு பயிற்சிக்குப்பின் ஹியூகோவின் பாட்டில் அடுத்த 158 அடிகளை எடுத்துக்கொண்டார். நிமிடங்கள் குறைந்தனவா? இல்லை, 151½ நிமிடங்கள் ஆயின. அப்பொழுது வேறு வேலைகளால் தாம் களைத்திருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார். 1890-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய உளநூலில் இதனைக் காணலாம்.

1901-ம் ஆண்டில் எட்வர்டு தார்ண்டைக், ராபர்ட் உட்வொர்த் என்னும் இருவர் மேலும் ஒரு படி சென்றனர். நீள்சதுரங்களைக் கண்ணாற் பார்த்துப் பரப்பளவை மதிப்பிடச் சிலரைப் பழக்கினர். நீள்சதுரத்தில் அவர்கள் தேர்ந்தனர். ஆனால் வேறு உருவங்களைக் காட்டியபோது அத்தேர்ச்சியின் சிறு பகுதியே அங்கு உதவிற்று. இரு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவோ அவ்வளவுக்கே பயிற்சியின் பலன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் என்று அவர்கள் முடிவு செய்தனர். இந்தத் தார்ண்டைக், நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றியவர். 1913-ம் ஆண்டில் பாபாசாகேப் மாணவராகச் சென்று சேர்ந்ததும் அந்தப் பல்கலைக் கழகமே. அறிவு பிறப்பிலா, பயிற்சியிலா, பள்ளியிலா என்னும் விவாதம் அந்நாளில் அவ்விடத்தில் உயிரோடிருந்தது.

1980-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எல்லாவற்றிலும் வியப்பானது. சாதாரண ஞாபகமுடைய கல்லூரி மாணவர் ஒருவருக்கு வினாடிக்கு ஓர் எண்ணாகச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேட்டனர். தொடக்கத்தில் நம்மைப்போல் ஏழு எண்களே அவரால் இயன்றது. இருபது மாதங்களில் 230 மணி நேரத்துக்குமேல் பயின்றபின், 79 எண்களை ஒருமுறை கேட்டு வரிசை பிறழாமல் திருப்பிச் சொன்னார். அவர் நெடுந்தூர ஓட்டக்காரர். எண்களைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, ஓட்டப் பந்தய நேரங்களாக எண்ணிக்கொண்டார். ஆனால் எண்களை விடுத்து எழுத்துக்களைச் சொன்னபோதோ, பழையபடி ஆறு எழுத்துக்களே நினைவில் நின்றன!

2010-ம் ஆண்டில், இங்கிலாந்து ஒலிபரப்புக் கழகத்தின் துணையோடு, 11,430 பேர் ஆறு வாரங்கள் கணிப்பொறியில் மூளைப் பயிற்சி செய்த ஆய்வு வெளிவந்தது. பயின்ற விளையாட்டில் யாவரும் முன்னேறினர். பயிலாத திறன்களுக்கு, அவை மிக நெருங்கியவையாக இருந்தும், அம்முன்னேற்றம் பாயவில்லை. அமெரிக்காவில் 65 முதல் 94 வயது வரையுள்ள 2,832 முதியவர்களைக் கொண்டு நடந்த மற்றொரு பேராய்வு 2002-ம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு ஞாபகப் பயிற்சியும், ஒரு குழுவுக்கு ஆராய்ந்தறியும் பயிற்சியும், ஒரு குழுவுக்குக் கண்ணாற் கண்டதை விரைந்தறியும் பயிற்சியும், பத்துப் பத்து அமர்வுகள் கொடுத்தனர். ஒவ்வொரு குழுவும் தான் பயின்றதில் மட்டும் தேறியது. பத்தாண்டுகள் கழித்து, ஆராய்தலிலும் விரைவிலும் பெற்ற பலன் ஓரளவு நிலைத்திருந்தது. ஞாபகத்திற் பெற்றது நிலைக்கவில்லை. பயிற்சி பெற்றோர் அன்றாடக் காரியங்களில் தமக்குக் குறைந்த சிரமமே உண்டென்று கூறினர். ஆயினும் அக்காரியங்களைச் செய்யச் சொல்லி அளந்து பார்த்தபோது, பெறாதோரினின்றும் வேறுபாடு தோன்றவில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் உண்மைகள் இரண்டு. முதலாவது: மனம் கல்லன்று, யாருடைய மனமும் பயிற்சியால் வளரும். ஏழு எண்களுக்குமேல் தாங்காத சாதாரண மாணவர் எழுபத்தொன்பது எண்கள் வரை சென்றார் அல்லரோ? இரண்டாவது: வெட்டிய வாய்க்காலிலேயே நீர் செல்வதுபோல், பயின்ற வழியிலேயே அவ்வளர்ச்சி செல்லும், பயிலாத வயலுக்குத் தானாகப் பாயாது.

இவ்விரு உண்மைகளும் நமக்கு எவ்வளவு பொருளுடையன என்பதை எண்ணிப் பாருங்கள். வாழ்நாளெல்லாம் ஒரு நூலை ஓதி மனப்பாடமாக்கியவர் அந்நூலை ஒப்பிப்பதில் வல்லவர். அதனாலேயே அவர் எல்லாவற்றிலும் அறிவாளியென்றும், ஓத விடப்படாதவர் பிறவி மூடரென்றும் கூறியது பொய். கோலார் தங்கவயலில் 2001-ம் ஆண்டுவரை சுரங்கங்கள் நடந்தன. அங்கு உழைத்த நம் பாட்டனார்கள், இருளில் பாறையைக் கடப்பாரையாற் தட்டி, எழும் ஒலியைக் கொண்டே அது உறுதியானதா, பெயர்ந்து தலைமேல் விழுமா என்று அறிந்தனர். அதுவும் பயின்ற அறிவே. ஓர் அறிவுக்கு மாலையிட்டு, மற்றோர் அறிவுக்குப் பெயரும் இடாதது சமுதாயத்தின் குற்றமேயன்றி மூளையின் குற்றமன்று.

கண்ணைக் கட்டிப் படித்தல்

இனி அந்த விண்ணப்பத்தாளுக்கு வருவோம். இத்தகைய வாக்குறுதிகளை அறிஞரும் அரசுகளும் கண்டித்ததுண்டு. விளையாட்டுப் பயிற்சிகளால் பள்ளியிலும் வேலையிலும் திறன் பெருகும், முதுமை மறதி தள்ளிப்போகும் என்று விளம்பரம் செய்த ஒரு பெரிய நிறுவனம், போதிய சான்று இல்லாமையால், 2016-ம் ஆண்டில் அமெரிக்க வாணிக ஆணையத்துக்கு இருபது இலட்சம் டாலர் செலுத்த உடன்பட நேர்ந்தது. அவர்கள் விற்ற பயிற்சியாவது உண்மையான பயிற்சி, பலனைத்தான் மிகைப்படுத்தினர். கண்ணைக் கட்டிக்கொண்டு படித்தலோ பயிற்சியே அன்று. மூக்கின் இருபுறமும் துணி படியாத சிறு இடைவெளி வழியே கீழ்நோக்கிப் பார்ப்பது செப்பிடு வித்தைக்காரர்கள் அறிந்த பழைய தந்திரம். அவ்விடைவெளியை முற்றும் அடைத்தால் படிப்பும் நின்றுபோகும்.

அன்பர்களே! இதிற் பெருந்தீங்கு பணம் போவது மட்டுமன்று. பயின்றதே வளரும் என்று கண்டோம். குழந்தை அவ்வகுப்பில் உண்மையாக எதனைப் பயில்கின்றது? ஓரக்கண்ணாற் பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று சொல்லப் பயில்கின்றது. பெற்றோர் மகிழ்வதைக் கண்டு பொய்யைத் தொடரப் பயில்கின்றது. நான்காவது சீலத்தை உடைப்பதற்கு இரண்டு மாதச் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிக்கின்றோம். அதிலும் அக்குழந்தை தேர்ச்சி பெறும்; ஐயமில்லை.

பள்ளிக்கூடமே பெரும் பயிற்சி

அங்ஙனமாயின் பிள்ளையின் அறிவை வளர்க்க வழியே இல்லையா? உண்டு. நம் முன்னோர் கண்ட வழியே அது. 2018-ம் ஆண்டில் ஸ்டூவர்ட் ரிட்சி, எல்லியட் டக்கர்-டிராப் என்னும் இருவர், ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துக் கணித்தனர். பள்ளியில் கூடுதலாகக் கற்கும் ஒவ்வோர் ஆண்டும், அறிவுத்திறனை அளக்கும் எண்ணிக்கையை 1 முதல் 5 புள்ளிகள் வரை உயர்த்துகின்றது என்று கண்டனர். படிப்பும் எழுத்தும் கணக்கும் கேள்வியும் விடையுமாகப் பல ஆண்டுகள் பல வாய்க்கால்களை வெட்டுவது பள்ளிக்கூடம். ஆகையினாலேயே பல வயல்களுக்கும் நீர் செல்கின்றது.

நம்மவர்க்குப் பள்ளிகள் வேண்டுமென்று அயோத்திதாசப் பண்டிதர் உழைத்ததும், 1907-ம் ஆண்டில் ஓர் இதழைத் தொடங்கி, ஒரு பைசா விலையில் அறிவை வீடு வீடாகக் கொண்டுசென்றதும், 1946-ம் ஆண்டில் பாபாசாகேப் பம்பாயில் சித்தார்த்தர் பெயரால் கல்லூரி நிறுவியதும் எத்துணைத் தீர்க்க தரிசனம்! அவர்கள் நமக்கு மந்திரத்தை விற்கவில்லை. பள்ளியின் கதவைத் திறந்தனர். நம் பிள்ளைகளை அப்பள்ளியிலிருந்து ஓராண்டு முன்னதாக நிறுத்துவோமாயின், எந்த மூளைப் பயிற்சியும் அந்த ஓராண்டை ஈடு செய்யாது. மகளுடைய திருமணத்துக்காகவோ மகனுடைய கூலிக்காகவோ படிப்பை நிறுத்தும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கற்கும் முறையிலும் ஒரு செய்தி உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், படித்தபின் ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் ஒப்பிட்டனர். ஐந்து நிமிடங்களுக்குப்பின் திரும்பப் படித்தவர்களே மிகுதியாக நினைவு வைத்திருந்தனர். ஒரு வாரத்துக்குப் பின்னரோ, ஏட்டை மூடிச் சொல்லிப் பார்த்தவர்களே முந்தினர். சங்கத்துப் பிக்குகள் எழுத்தின்றிப் பல நூற்றாண்டுகள் தம்மத்தைக் காத்தது, கூடியிருந்து வாய்விட்டு ஓதியதாலன்றோ? இதற்குக் கட்டணம் இல்லை. மாலையில் பிள்ளையை அருகில் இருத்தி, “இன்று படித்ததைப் புத்தகம் பாராமல் எனக்குச் சொல்லு, கண்ணு” என்று கேட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனைச் செய்யலாம். கேட்கும் செவி ஒன்றே வேண்டும்.

மந்தபுத்தி என்று எவரேனும் சொன்னால், அச்சொல்லை வீட்டுக்குள் விடுமுன், பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிகின்றதா, காது நன்றாகக் கேட்கின்றதா, இரத்தம் குறைந்திருக்கின்றதா, இரவில் போதிய தூக்கம் உண்டா என்று பாருங்கள். அரசினர் மருத்துவமனையில் இவற்றைச் சோதிக்கலாம். இவற்றை நீக்காமல் பிள்ளையைக் குறைகூறுவது, இருட்டறையில் இருத்திக் குருடன் என்பதை ஒக்கும்.

தியானம் எதனை வளர்க்கும்?

இரண்டாவது கேள்வி எஞ்சியிருக்கின்றது. தியானம் செய்தால் ஞாபகமும் மதிப்பெண்ணும் பெருகுமா? பிறருடைய வாக்குறுதியைச் சோதித்த நாம், நம்முடையதையும் அதே தராசில் நிறுத்தல் வேண்டும். கேள்விப்பட்டதென்றோ, மரபென்றோ, நம் ஆசிரியர் சொன்னதென்றோ மட்டும் எதனையும் ஏற்க வேண்டாமென்று காலாமர்களுக்கு அறிவுறுத்திய பகவன், தம் வழியை அதற்கு விலக்காக வைக்கவில்லை.

2007-ம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், மூன்று மாதங்கள் விபசனை தியானத்தில் ஆழ்ந்து பயின்றவர்களைச் சோதித்தனர். விரைந்து மறையும் எழுத்துக்களுக்கிடையே இரண்டு எண்கள் அடுத்தடுத்துத் தோன்றினால், முதலாவதைப் பற்றிய மனம் இரண்டாவதைத் தவற விடுவது இயல்பு. பயின்றோர் முன்னிலும் குறைவாகவே தவறவிட்டனர். 2010-ம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அமெரிக்காவின் கொலராடோ மலைப்பகுதியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், மூன்று மாதங்கள் தியானம் பயின்றோரை, தம் முறைக்குக் காத்திருந்தவர்களுடன் ஒப்பிட்டனர். சலிப்பூட்டும் நீண்ட சோதனையொன்றில் கோடுகளின் சிறு வேறுபாட்டைக் கண்டறிவதில் பயின்றோர் மேம்பட்டனர். கவனத்தைப் பயின்றவர்க்குக் கவனம் வளர்ந்தது. இங்கும் பயின்றதே வளர்ந்தது! ஆனால் இவர்கள் மூன்று மாதங்கள் இடைவிடாது முயன்றவர்கள். காலையில் பத்து நிமிடம் கண்மூடினால் மகள் வகுப்பில் முதலாவது வருவாள் என்று நான் சொல்வேனாயின், அந்த விண்ணப்பத்தாளை அச்சிட்டவர்க்கும் எனக்கும் வேறுபாடு இல்லை.

கவனம் மட்டும் வளர்ந்தால் அது தம்மமாகாது. பறவையைக் குறிவைக்கும் வேடனுக்கும் ஒருமுகப்பட்ட மனம் உண்டு. தேவதத்தன் சித்திகளை அடையும் அளவுக்கு மனத்தைப் பயிற்றினான். பின்னர்ப் பகவனுடைய உயிருக்கே கேடு சூழ்ந்தான். ஆகவேதான் எண்வகை மார்க்கத்தில் சமாதி என்று மட்டும் கூறாமல் நற்சமாதி என்று வகுத்தனர். நற்காட்சியும் நல்லெண்ணமும் நற்செய்கையும் முன்செல்லாத ஒருமைப்பாடு, கூர்மையான கத்தியே தவிரக் கருணையன்று. ஓர் எண்ணத்தைப் பழகப் பழக உள்ளம் அதன் பக்கமே சாய்கின்றது என்பதைப் பகவன் தம் முன்னாள் அனுபவத்தையே எடுத்துக்காட்டி விளக்கியதாக மஜ்ஜிம நிகாயம் கூறும். வெகுளியைப் பழகினால் வெகுளிப் பக்கம் சாயும். அன்பைப் பழகினால் அன்பின் பக்கம் சாயும்.

இதனையும் சோதித்தவர் உளர். 2013-ம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எட்டு வாரங்கள் தியானம் பயின்றோரையும் பயிலாதோரையும், தனித்தனியே, ஒரு காத்திருப்பு அறையில் அமரச் செய்தனர். அங்கு மூன்று நாற்காலிகள். இரண்டில் ஆய்வாளரின் ஆட்கள் அமர்ந்திருந்தனர். மூன்றாவதில் வந்தவர் அமர்ந்தபின், ஊன்றுகோல் ஊன்றிய ஒருவர் வலியால் முகஞ் சுளித்துக்கொண்டு உள்ளே வந்து சுவரிற் சாய்ந்து நின்றார். அமர்ந்திருந்த ஆட்கள் இருவரும் திரும்பியும் பாரார். பயிலாதோருள் நூற்றுக்குப் பதினாறு பேரே எழுந்து இடம் கொடுத்தனர். பயின்றோருள் நூற்றுக்கு ஐம்பது பேர் எழுந்தனர். ஆயினும் இதில் ஈடுபட்டவர்கள் நாற்பதுக்கும் குறைவானவர்களே. இத்தகைய பல ஆய்வுகளை 2018-ம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தவர்கள், முறைகளிற் குறைபாடுகள் உள்ளன என்றும், தியானம் கற்பித்தவரே ஆய்வுரையின் ஆசிரியருள் ஒருவராகவும் இருந்தபோதுதான் கருணை வளர்ந்ததாகத் தெரிகின்றது என்றும் எச்சரித்தனர். நமக்குச் சாதகமான செய்தியாயினும், அளவுக்குமேல் அதைத் தூக்கிப் பிடித்தல் ஆகாது.

ஆனால் நீங்கள் ஆய்வுரைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. ஒவ்வொரு நாளும் பேருந்திலே, மருத்துவமனையிலே, நியாயவிலைக் கடை வரிசையிலே அந்த ஊன்றுகோல் மனிதர் நம்முன் வந்து நிற்கின்றார். நாம் பயின்றது எது என்பதை அந்த நொடி காட்டிவிடும்.

ஆனந்தரும் சூளபந்தகரும்

முடிவாக ஒன்று. பகவன் உரைத்த அறவுரைகளைக் கேட்டபடியே நினைவில் வைத்திருந்தவர் ஆனந்தர். அவருடைய ஞாபகம் இன்றேல், முதற் சங்கீதியில் தம்மத்தைத் தொகுத்திருக்கவே இயலாது. அவருக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் பகவனுடன் பல ஆண்டுகள் நிழல்போல் இருந்த அப்பெருமகனார், பகவன் பரிநிர்வாணம் எய்தும் வரையிலும் அருகத நிலையை அடையவில்லை. சங்கீதி தொடங்குவதற்கு முந்திய இரவில், விடியுமட்டும் முயன்று, களைத்துப் படுக்கச் சாய்ந்தபோதுதான் அதனை அடைந்தார். நான்கடியும் நினைவில் நில்லாத சூளபந்தகரோ ஒரு துணியைக் கொண்டு அதனை முன்னரே அடைந்தவர்.

ஞாபகம் நல்லது. கூரிய கவனம் நல்லது. பிள்ளைகள் அவற்றைப் பெறட்டும். பள்ளியில் பெறட்டும், உழைத்துப் பெறட்டும். ஆனால் மனிதனுடைய மதிப்பை அவற்றால் அளப்பவன் தம்மத்தை அறிந்தவனல்லன். ஞாபகமுள்ளவரை உயர்த்தி, ஞாபகமில்லாதவரைச் சங்கத்தின் வாயிலுக்கு வெளியே தள்ளுவது, பிறப்பைக் கொண்டு தள்ளியவர்கள் செய்ததையே வேறு பெயரால் செய்வதாகும். மகாபந்தகர் கற்றவர், நல்லவர், ஆயினும் அன்று அவர் செய்தது தவறு. நம் வீட்டிலும் நம் சங்கத்திலும், விருந்துக் கணக்கில் எந்தச் சூளபந்தகரும் விடுபடலாகாது.

ஆகலின் அவ்வம்மையாருக்கு என் விடை இது: பணத்தைக் கட்ட வேண்டாம், அம்மா. முதலில் அக்குழந்தையின் கண்ணையும் காதையும் சோதியுங்கள். மாலைதோறும் ஏட்டை மூடிவைத்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எவ்வளவு கடினமாயினும் பள்ளியை நிறுத்தாதீர்கள். தியானத்துக்கு அழைத்து வாருங்கள். மதிப்பெண்ணுக்காக அன்று, தன்னை மந்தம் என்று சொன்னவர்மேல் அவள் உள்ளத்தில் படியும் வெகுளியும், தன்மேலேயே படியும் வெறுப்பும் கழுவப்படுவதற்காக. எல்லாவற்றுக்கும் மேலாக, அவளெதிரில் அச்சொல்லை மறுபடி சொல்லாதிருங்கள். ஒரு பிள்ளை நாள்தோறும் கேட்டுப் பயிலும் சொல்லும் வளரும்.

உபாசகர்களே! இன்றிரவு படுக்குமுன் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இன்று நான் எதனைப் பயின்றேன்? சினத்தையா, பொறுமையையா? பொய்யையா, மெய்யையா? கைப்பேசியில் சிதறிய கவனத்தையா, ஒன்றில் நிலைத்த கவனத்தையா? பயின்றதே நாளை வளர்ந்து நிற்கும். நல்லதையே பயிலுவோமாக. நம் பிள்ளைகளும், நம்மைப் பகைத்தோருடைய பிள்ளைகளும், எல்லா உயிர்களும் நலமுறுவனவாக!